பிளெண்டர்ல ஆப்ஜெக்ட் விவரத்தைக் காட்ட நமக்குன்னு ஒரு குட்டி பேனல்

பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல 'என்' கீயை அமுக்குனா வலது பக்கம் சைட்பார் வரும்ல, லொகேஷன், ஸ்கேல், டைமென்ஷன்ஸ் எல்லாம் அதுல இருக்கும். ஆனா நமக்கு வேணுங்கிறது மட்டும் ஒரே இடத்துல, வெர்டெக்ஸ் (உருவத்தோட மூலைப் புள்ளி) எண்ணிக்கையோட சேர்த்து வேணும்னா பைத்தான்ல நாமளே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கலாம், பெரிய வேலை எல்லாம் இல்ல. கோடுல வர்ற பேரை எல்லாம் வாசிக்கிற மாதிரி எழுதியிருக்கேன், டைப் பண்றப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

ஸ்டெப் 1: மேல ஸ்கிரிப்டிங் டேபுக்குப் போய் நியூ அமுக்குங்க. முதல் வரி இம்போர்ட் பிபிஒய்.

ஸ்டெப் 2: பிபிஒய் டாட் டைப்ஸ் டாட் பேனலை வச்சு ஒரு கிளாஸ். கிளாஸ் பேர் நடுவுல ரெண்டு பக்கமும் அண்டர்ஸ்கோர் போட்டு பிடின்னு வரணும், இல்லாட்டி கன்சோல்ல வார்னிங் வரும். உள்ள லேபிள், ஸ்பேஸ் டைப், ரீஜன் டைப், கேட்டகரின்னு நாலு வரி, நாலுக்கும் முன்னாடி பிஎல் அண்டர்ஸ்கோர். ரீஜன் டைப் யூஐன்னு இருக்கணும், 2.79 காலத்து வீடியோவைப் பார்த்து டூல்ஸ்னு போட்டா சைட்பார்ல ஒண்ணும் வராது.

ஸ்டெப் 3: டிரா ஃபங்க்ஷன். கான்டெக்ஸ்ட் டாட் ஆப்ஜெக்ட்டை ஒரு வேரியபிள்ல எடுங்க. செலக்ஷனை விட்டாலும் கடைசியா ஆக்டிவா இருந்த ஆப்ஜெக்ட்தான் இதுல வரும், அதை டெலிட் பண்ணிட்டா 'நன்' (பைத்தான்ல 'எதுவும் இல்ல'ன்னு அர்த்தம்) தான் வரும், அதனால 'நன்'னா இருந்தா ரிட்டர்ன்னு ஒரு செக் கண்டிப்பா வேணும்.

இப்ப லேஅவுட் டாட் ப்ராப் போட்டு ஆப்ஜெக்ட்டையும் லொகேஷன்கிற பேரையும் குடுத்தா மூணு பெட்டி வரும், அதுல நம்பரை மாத்துனா ஆப்ஜெக்ட் நகரும். டைமென்ஷன்ஸுக்கும் இதே மாதிரி ஒரு வரி போடுங்க. லேஅவுட் டாட் லேபிள்னா வெறும் எழுத்து, பார்க்க மட்டும்தான். டிரா உள்ள நின்னு ஆப்ஜெக்ட்டை மாத்தப் பார்க்காதீங்க, பிளெண்டர் விடாது, கனமான கணக்கும் வேணாம், ஏன்னா பேனலைத் திரும்ப வரையிற ஒவ்வொரு தடவையும் இது ஓடும்.

ஸ்டெப் 4: எல்லாரும் முட்டுற இடம் இதுதான். லொகேஷன் ஆப்ஜெக்ட்கிட்ட இருக்கு, வெர்டெக்ஸ் அதுகிட்ட இல்ல, ஆப்ஜெக்ட் டாட் டேட்டாவுக்குள்ள இருக்கு. அதனால லென் போட்டு ஆப்ஜெக்ட் டாட் டேட்டா டாட் வெர்டிசெஸ்னு எண்ணி லேபிள்ல காட்டணும், அதுவும் ஆப்ஜெக்ட்டோட டைப் மெஷ்ஷா (புள்ளி, கோடு, முகம் சேர்ந்த உருவம்) இருந்தா மட்டும்தான். இந்த செக் இல்லாம கேமராவை கிளிக் பண்ணிப் பாருங்க, பேனல் பாதியில நின்னு கன்சோல்ல எரர் கொட்டும்.

ஸ்டெப் 5: கடைசி வரியா பிபிஒய் டாட் யுடில்ஸ் டாட் ரெஜிஸ்டர் கிளாஸ், மவுஸை டெக்ஸ்ட் எடிட்டர் மேல வச்சு ஆல்ட் பி. பிளெண்டரைத் திறந்ததும் நிக்கிற கியூபுக்கு டைமென்ஷன்ஸ் மூணு பக்கமும் 2 மீட்டர், வெர்டெக்ஸ் 8ன்னு வந்தா எல்லாம் சரி.

அந்த கியூப் மேல சப்டிவிஷன் சர்ஃபேஸ் மாடிஃபையர் போட்டுப் பாருங்க, உருண்டையா மாறியும் 8ன்னேதான் நிக்கும்! நம்ம கோடு எண்ணுறது மூல மெஷ்ஷை. மாடிஃபையர் சேர்ந்த கணக்கு வேணும்னா கான்டெக்ஸ்ட்ல இருந்து எவால்யுவேட்டட் டெப்ஸ்கிராஃபை (மாடிஃபையர் எல்லாம் கணக்குப் போட்ட பிறகு சீன் எப்படி இருக்குன்னு பிளெண்டர் வச்சிருக்கிறது) வாங்கி, ஆப்ஜெக்ட்டோட எவால்யுவேட்டட் கெட்டுக்குக் குடுத்து, அதோட டேட்டாவை எண்ணுங்க, லெவல் 1ல 26 வரும்.

வேற ப்ராபர்டி சேர்க்கணும்னா பேரைத் தேடி அலைய வேணாம். ப்ரிஃபரன்ஸஸ்ல இன்டர்ஃபேஸ் போய் பைத்தான் டூல்டிப்ஸை ஆன் பண்ணிட்டு, எந்தப் பெட்டி மேல மவுஸை வச்சாலும் அதோட பைத்தான் பேர் அங்கேயே தெரியும்.