வேலையும் வீடும் இருக்க, இரத்மலானையில் கொமர்ஷல் பைலட் லைசன்ஸ்

கொமர்ஷல் பைலட் லைசன்ஸுக்கு, சீ.பி.எல். என்பதற்கு, சர்வதேச விதிப்படி 200 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சிநெறியில் முடித்தால் 150. இலங்கையின் சிவில் விமான அதிகாரசபை இதற்கு மேலும் கேட்கலாம். சேரும் நாளில் நடைமுறையில் உள்ள விதியை வாசித்துவிடுங்கள். சனி ஒன்று, ஞாயிறு ஒன்று என்று கணக்குப் போட்டால் 200 மணித்தியாலத்துக்கு 100 வாரம் வரும். கொழும்பில் அந்தக் கணக்குப் பலிக்காது. மழை, காற்று, பழுதுபார்க்கப் போன விமானம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வாரத்துக்கு இரண்டு என்பது மாதத்துக்கு மூன்றாகிவிடும். மூன்று கிழமை இடைவெளி விழுந்தால், அடுத்த பறப்பின் பெரும்பகுதி முன்பு தெரிந்திருந்ததை மீட்பதிலேயே போகும். அதற்கும் காசுதான். ஆகவே படிப்பைச் சில்லறையாகவும் பறப்பை மொத்தமாகவும் செய்யுங்கள்.

முதல் செலவு மெடிக்கலுக்கு. சீ.பி.எல்.லுக்கு முதலாம் வகுப்பு மெடிக்கல் வேண்டும்; பிரைவேட் லைசன்ஸுக்கு இரண்டாம் வகுப்பே போதும் என்பதால் பலர் அதை எடுத்துக்கொண்டு தொடங்கி, பாதிக் காசு கட்டிய பிறகு முதலாம் வகுப்பில் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு கண்ணும் தனியே 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 தெரிய வேண்டும்; கண்ணாடி போட்டுத் தெரிந்தாலும் சரி. ஈ.சி.ஜி., காது கேட்கும் சோதனை, நிறப் புள்ளிச் சோதனை எல்லாம் உண்டு. பிரஷருக்குக் குளிசை எடுப்பவர் மறைக்க வேண்டாம். எந்தக் குளிசை என்பதைப் பொறுத்து அனுமதி கிடைக்கலாம், மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைக்காது. சான்றிதழ் 12 மாதத்துக்குத்தான் செல்லும்.

பாடங்கள் ஒன்பது: விமானச் சட்டம், விமானத்தின் பொது அறிவு, செயல்திறனும் பறப்புத் திட்டமிடலும், மனிதச் செயல்திறன், வானிலை, வழிகாண்டல், இயக்க நடைமுறைகள், பறத்தலின் தத்துவம், ரேடியோத் தொடர்பு. உத்தியோகம் பார்ப்பவருக்கு இதுதான் வசதியான பகுதி. வழிகாண்டலும் வானிலையும் தவிர மற்றவற்றைத் தினம் 45 நிமிடமாக ரயிலில்கூட படிக்கலாம். அந்த இரண்டுக்கும் மேசை வேண்டும், வரைபடம் விரிக்க இடம் வேண்டும், பிள்ளைகள் படுத்த பிறகு ஒரே இருக்கையில் இரண்டு மணித்தியாலம் வேண்டும். சித்தியடைந்த பாடத்துக்கும் காலாவதி உண்டு. எத்தனை மாதம் என்று கேட்டுவிட்டே முதல் பரீட்சைக்கு விண்ணப்பியுங்கள். ஆங்கிலத் தேர்ச்சி, விமானிகளுக்கான சர்வதேச அளவுகோலில், குறைந்தது நான்காம் நிலை. நான்கில் நிற்பவருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மீள்சோதனை. கட்டுப்பாட்டுக் கோபுரம் ரேடியோவில் சொல்வதைத் திருப்பிச் சொல்வதை வீட்டில் வாய்விட்டுப் பழகுங்கள். மனதுக்குள் சொல்லிப் பழகியவர் மைக் பொத்தானை அழுத்தியதும் தடுமாறுவார்.

இனி பறப்பு. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவருக்கு வருடாந்த லீவு 14 நாள். அதைச் சித்திரைப் புத்தாண்டுக்குச் செலவழிக்காமல் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள் வையுங்கள். கொழும்பின் தெளிவான காலைகள் அப்போதுதான். மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் காலை நன்றாகவே இருக்கும், பிற்பகலில் இடி கட்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரத்மலானை ஓடுபாதை 04/22, அதாவது ஒரு முனை சுமார் 40 பாகையையும் மறுமுனை சுமார் 220 பாகையையும் நோக்கும். காற்று நேர் மேற்கிலிருந்து, 270 பாகையில் வந்தால் 22க்கு 50 பாகை விலகல். 16 நொட் (மணிக்கு 16 கடல் மைல்) காற்றில் குறுக்குக் காற்று மட்டும் 12 நொட். பயிற்சி விமானமான செஸ்னா 152இன் கையேட்டில் செய்துகாட்டப்பட்டதாக உள்ள அளவே 12தான். மாணவனுக்குப் பாடசாலை அதைவிடக் குறைத்தே வைத்திருக்கும். அந்த மாதங்களைப் பரீட்சைகளுக்கும் சிமியுலேட்டருக்கும் ஒதுக்குங்கள்: வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவிப் பயிற்சி 10 மணித்தியாலத்தில் 5 வரை தரையிலேயே செய்யலாம்.

மொத்தமாகச் செய்ய வேண்டியவை மூன்று: முதல் சோலோவுக்கு (தனியாகப் பறப்பதற்கு) முந்திய சர்க்கிட் பயிற்சி (ஓடுபாதையைச் சுற்றி ஏறி இறங்குதல்), நெடுந்தூரப் பறப்பு, இறுதிச் சோதனைக்கு முந்திய இரண்டு கிழமை. தரைதொடுவதற்குச் சற்று முன் விமானத்தின் மூக்கை உயர்த்தும் கைப்பக்குவம்தான் முதலில் மறக்கும். நாளுக்கு ஒன்றரை மணித்தியாலமாகத் தொடர்ந்து பத்து நாள் பறந்தால் அது கையில் நிற்கும். இரண்டைத் தாண்டினால் களைப்புத்தான் மிச்சம். கட்டளை விமானியாக, அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பாக, சேர்க்கும் மணித்தியாலங்கள், விதிப்படி 100 (அங்கீகாரப் பயிற்சியில் 70), வாரஇறுதிக்குப் பொருந்தும். போயா நாளையும் மறக்க வேண்டாம், முன்கூட்டியே விமானத்தைப் பதியுங்கள்.

வார நாளில் காலைப் பறப்பு என்றால் ஒரு மணித்தியாலப் பறப்புக்கு மூன்று மணித்தியாலம் வையுங்கள்: விளக்கம், விமானத்தைச் சுற்றிப் பார்த்தல், எரிபொருள், பறப்பு, பிறகு பேசி எழுதுதல். வெள்ளவத்தையிலிருந்து போகும்போது காலி வீதியின் நெரிசல் எதிர்ப்பக்கம், சுகம். திரும்பும்போது கோட்டை நோக்கிய கூட்டத்தோடு வருவீர்கள்; இரத்மலானை நிலையத்தில் ரயில் ஏறுவது நல்லது.

நெடுந்தூரப் பறப்பு குறைந்தது 540 கிலோமீற்றர். நடுவில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுதாக நிறுத்த வேண்டும். எல்லோருக்கும் முதலில் தோன்றும் முக்கோணம் இரத்மலானை, மத்தல, மட்டக்களப்பு, இரத்மலானை. அளந்து பாருங்கள்: 540ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கும். சோதிப்பவர் குறைவு என்று சொன்னால் முழுப் பறப்பும் வீண். பலாலிக்குப் போய் மட்டக்களப்பு வழியாகத் திரும்பினால் 840 வரும், ஆனால் 152இன் சாதாரணத் தாங்கியில் பாவிக்கக்கூடியது 93 லீற்றர், மணிக்குச் சுமார் 22 லீற்றர் எரிக்கும், பறப்போ ஐந்து மணித்தியாலம். ஏவ்காஸ் (விமானப் பெற்றோல்) எங்கே நிரப்புவது என்று முடிவாகாமல் அந்தப் பாதையைத் திட்டமிட வேண்டாம்.

காசை மொத்தமாக முற்பணமாகக் கட்டாதீர்கள்; 10 அல்லது 20 மணித்தியாலத் தவணையாகக் கட்டுங்கள். கட்டுமுன் கேட்க வேண்டியவை: இன்று பறக்கக்கூடிய விமானம் எத்தனை, மாணவர் எத்தனை பேர், மணித்தியாலம் எஞ்சின் இயங்கிய நேரத்திலிருந்து கணக்கா, டக்கோமீற்றரிலிருந்தா (எஞ்சின் சுழற்சியை அளக்கும் கருவி), இறங்கும் கட்டணம் சேர்ந்ததா, மீள்சோதனைக்கு எவ்வளவு. ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தில் தனியார் விமானப் பறப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் மனைவியோ கணவரோ வாசிக்கட்டும். வீட்டை ஈடு வைத்துத் தொடங்குவது எங்கள் பார்வையில் பிழை. 200 மணித்தியால லைசன்ஸோடு வேலை உடனே வந்துவிடாது. கருவிப் பறப்புத் தகுதியும் இரட்டை எஞ்சின் தகுதியும் கேட்பார்கள், அது தனிச் செலவு.

இரவு வேலை முடித்துவிட்டு நேரே பறக்கப் போகாதீர்கள். தடிமனுக்கு Piriton குளிசை போட்டால் அன்று பறப்பில்லை. தூக்கம் தெரியாமலே கவனம் மங்கும், காதடைப்பு இறங்கும்போது வலியாகும்.

கடைசியில் கட்டுநாயக்கவிலுள்ள சிவில் விமான அதிகாரசபைக்குப் போவது லொக்புக், அதாவது உங்கள் பறப்புப் பதிவேடு. கட்டளை விமானியாகப் பறந்ததையும் இன்ஸ்ட்ரக்டரோடு பறந்ததையும் ஒரே நிரலில் கலந்து எழுதியவை, பக்கக் கூட்டுத்தொகை பொருந்தாதவை, கையொப்பம் விட்டுப்போனவை திரும்பி வரும். ஒவ்வொரு பறப்பன்றும் எழுதி, மாதமுடிவில் பாடசாலையின் பறப்புப் பதிவோடு ஒப்பிட்டு, எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கையொப்பமிட்ட இன்ஸ்ட்ரக்டர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிறகு பிழை திருத்துவது பெரும்பாடு.