ஆட்டு இதயத்தை வெட்டிப் பார்த்துக் குருதிச் சுற்றோட்டம் படிப்பது எப்படி?

புத்தகத்தில் நீலமும் சிவப்புமாகக் கீறிய படத்தை மனனம் செய்வதைவிட, ஓர் ஆட்டு இதயத்தைக் கையில் எடுப்பது மேல். மனித இதயத்தைப் போலவே அதிலும் நான்கு அறைகள், நான்கு வால்வுகள்.

1. வாங்குதல்

பாதிப் பேருக்கு இங்கேயே பிழைத்துவிடும். திருகோணமலைச் சந்தைப் பக்கம் இறைச்சிக்கடையில் முதல் நாளே சொல்லிவையுங்கள்: "நானா, குழாய வெட்டாம, சுவாசப்பையோட சேத்துத் தாங்க." சொல்லாவிட்டால் மேற்பகுதியை அரிந்து, கீறிக் கழுவித் தருவார்கள், மேலறைகளான சோணையறைகள் அதோடு போய்விடும். போயா நாளில் கடை பூட்டு. நம்மூர் வெயிலுக்கு ஐஸ் போட்டுக் கொண்டுவாருங்கள்.

கையுறை, கூரான சிறு கத்தி, ஊசியில்லாத சிரிஞ்சு, நாலைந்து ஈர்க்கு போதும். குழாய்க்குள் வாயால் ஊதாதீர்கள்.

2. இடம் வலம்

நசுக்கிப் பாருங்கள். கல்லுப்போல் இருப்பது இடப்பக்கம், தொய்வது வலப்பக்கம். முன்பக்கத்தில் கொழுப்பு படிந்த பள்ளம் ஒன்று சரிவாக ஓடும். இதயத் தசைக்கே குருதி கொடுக்கும் முடியுரு நாடியின் கிளை அதில் போகிறது. அந்தப் பள்ளம் உங்களைப் பார்த்திருந்தால் இதயத்தின் இடம் உங்கள் வலக்கைப் பக்கம் வரும்.

3. தண்ணீர்ச் சோதனை

வெட்டுமுன் செய்யவேண்டியது இது. உள்ளே உறைந்த குருதியைத் தண்ணீர் விட்டுப் பிதுக்கி வெளியேற்றுங்கள். இதயத்திலிருந்து உடலுக்குக் குருதி கொண்டுபோகும் பெருநாடியை 2 சென்ரிமீற்றர் விட்டு நறுக்கி, நிமிர்த்திப் பிடித்து, சிரிஞ்சால் நிரப்புங்கள். அடியில் மூன்று மெல்லிய பைகள் உப்பி ஒன்றோடொன்று முட்டும். அரைமதி வால்வு அதுதான். தண்ணீர் மெதுவாக இறங்கினால் பயப்படவேண்டாம்; முடியுரு நாடிகளின் வாய் வால்வுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. மளமளவென்று இறங்கினால் வால்வில் கத்தி பட்டிருக்கும், அல்லது கட்டி சிக்கியிருக்கும்.

4. வலப்பக்கம்

உடலின் மேற்பகுதியிலிருந்து குருதி கொண்டுவரும் மேற்பெருநாளத்தில் ஈர்க்கை விட்டால் வலச் சோணையறைக்குள் வரும். அந்த வழியே வெளிச்சுவரை நுனிவரை கீறுங்கள். சோணையறைக்கும் கீழேயுள்ள இதயவறைக்கும் நடுவிலிருக்கும் முக்கூர் வால்வின் ஓரங்களில் வெள்ளை நூல்கள் தெரியும். இதயவறை சுருங்கும்போது வால்வு மேலே புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பவை இவை. இழுத்துப் பாருங்கள், இலேசில் அறாது. இங்கிருந்து ஈர்க்கை மேலே தள்ளினால் சுவாசப்பை நாடியால் வெளியே வரும்.

5. இடப்பக்கம்

அதேபோல் கீறி, இரு சுவர்களையும் அடிமட்டத்தால் அளவுங்கள். இடச்சுவர் ஏறத்தாழ மூன்று மடங்கு தடிப்பு. வல இதயவறை அருகிலுள்ள சுவாசப்பைக்குத் தள்ளினால் போதும். இட இதயவறையோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தள்ளவேண்டும்.

நடுச்சுவரில் துளை தேடுங்கள். இராது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டென்று நூற்றாண்டுகளாக நம்பினார்கள். 1628இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி அதை மறுத்து எழுதினார். வலப்பக்கக் குருதி இடப்பக்கம் வர ஒரே வழி, சுவாசப்பையைச் சுற்றி வருவதுதான்.

ஒரு வேறுபாடு: ஆட்டில் பெருநாடி வளைவிலிருந்து ஒரே பெருங்கிளை, மனிதரில் வழக்கமாக மூன்று.

6. உங்கள் இதயம்

ஓய்விலிருக்கும்போது ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 70 துடிப்பு: கிட்டத்தட்ட 5 லீற்றர். உடலில் உள்ள மொத்தக் குருதியும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

திருகோணமலைக் கோட்டை வாசலில் நாடித்துடிப்பை எண்ணிவிட்டு, கோணேசர் கோயில்வரை விறுவிறுவென்று ஏறி மறுபடி எண்ணுங்கள். (இறைச்சி வெட்டிய நாளில் வேண்டாம்.) பெருவிரலால் பிடிக்காதீர்கள்; அதன் துடிப்பே குழப்பும். மேலே நின்றதும் 15 செக்கன் மட்டும் எண்ணி நான்கால் பெருக்குங்கள். முழு நிமிடம் எண்ணினால் அதற்குள் துடிப்பு இறங்கிவிடும், கணக்குக் குறைவாக வரும்.