சைலன்சர் மாற்றுவோர் செய்யும் தவறுகள்

பெங்களூரு ஜே.சி. சாலையில் பைக் சைலன்சர் வாங்க வருபவர்களில் பலர், நின்ற வண்டியில் ஆக்சிலரேட்டரை இரண்டு முறை முறுக்கிக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். சும்மா உறுமும் எஞ்சினின் ஒலி வேறு, இருவரை ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது அதே எஞ்சின் எழுப்பும் ஒலி வேறு.

துப்பாக்கி சைலன்சருக்கு 1909-இல் காப்புரிமை பெற்ற ஹைரம் பெர்சி மாக்சிம், எஞ்சின்களுக்கும் சைலன்சர் செய்தார். வெடித்து வரும் சூடான வாயுவை விரியவிட்டு, வேகம் தணித்து வெளியேற்றுவதே இரண்டிலும் வேலை. சத்தம் குறைய வேண்டுமானால் கூடுதல் கொள்ளளவு, கூடுதல் எடை, கூடுதல் எதிரழுத்தம் (வெளியேறும் புகையை எதிர்த்துத் தடுக்கும் அழுத்தம்) ஆகியவற்றில் ஏதோ ஒன்றை ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும். எல்லாம் சேர்ந்து கிடைக்கும் என்று சொல்லும் கடைக்காரரை நான் நம்புவதில்லை.

அகலமான குழாய் போட்டால் இழுவை கூடும் என்பது அடுத்த மயக்கம். சிலிண்டரிலிருந்து பாயும் ஒவ்வொரு புகைத் துடிப்பும் தன் பின்னால் ஒரு தாழ்வழுத்தத்தை விட்டுச்செல்கிறது. அது உள்ளே எஞ்சிய புகையையும் சேர்த்து இழுக்கிறது. குழாய் அளவுக்கு மீறி அகன்றால் வாயுவின் வேகம் குறைந்து, தாழ்ந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, அந்த இழுப்பு தளர்ந்துவிடும். சில்க் போர்டு சந்திப்பில் முதல் கியரில் ஊர்ந்தே காலம் கழிப்பவருக்கு, உச்ச வேகத்தில் கிடைக்கும் சிறு லாபத்தால் என்ன பயன்?

துளையிட்ட குழாயைச் சுற்றிக் கிளாஸ் வூல் என்னும் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்த வகை, புதிதில் இனிமையாகவே ஒலிக்கும். பின்மூடியின் ரிவெட்டுகளைத் துளைத்து என்னுடையதைத் திறந்தபோது, புகை நுழையும் பக்கத்தில் பஞ்சு கருகி உதிர்ந்து, துளைகள் வெறுமையாகத் தெரிந்தன. பஞ்சை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில், நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் வினையூக்கி மாற்றியைக் (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) கழற்றுவது நச்சுப்புகையை அப்படியே தெருவில் விடுவதாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, ஒலி, புகை விதிகளை முதல் முறை மீறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. குழாயருகே போனை நீட்டி டெசிபல் பார்ப்பதும் வீண். தூரம் பாதியானாலே அளவு சுமார் 6 டெசிபல் ஏறிவிடும்.

துருவைப் பலர் நினைப்பதே இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. அல்சூரிலிருந்து எம்.ஜி. சாலை வரை மட்டுமே ஓடும் வண்டியில் சைலன்சர் முழுதாகச் சூடேறாததால், அந்த ஆவி உள்ளேயே நீராகத் தங்கும். அது வடியத்தான் அடியில் ஊசித்துளை வைக்கிறார்கள். என் பழைய குரோம் சைலன்சரில் அந்தத் துளையைக் கசிவு என்று எண்ணிய வெல்டர் ஒருவர் அக்கறையோடு அடைத்துக் கொடுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் அதற்குப் பக்கத்திலேயே விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது.