புயல் நாட்களில் வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி: ஹூஸ்டன் வட்டாரக் குடும்பங்களுக்கு ஒரு தேர்வு வழிகாட்டி

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் டெக்சஸின் மாட்டகோர்டா அருகே கரையைக் கடந்தது. ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. சில தெருக்களுக்கு ஒரு வாரம் தாண்டித்தான் திரும்பி வந்தது. அப்படிப்பட்ட நாட்களில் அலாரம் ஊமையாகிவிடும், வாசல் கேமராவுக்கு வைஃபை இருக்காது, 911-ஐ அழைத்தாலும் போலீஸ் வண்டி மரம் விழுந்த சாலைகளைச் சுற்றித்தான் வர வேண்டும். கேட்டி, சுகர்லேண்ட், பேர்லேண்ட் பக்கம் இருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் துப்பாக்கி வாங்கும் பேச்சு எழுவது இதனால்தான்.

வாங்குவது என்று முடிவானால், புயல் வருவதற்கு மாதங்கள் முன்னால் வாங்குங்கள். எச்சரிக்கை வந்த வாரத்தில் அவசரமாக வாங்கி, ஒரு தோட்டாகூடச் சுட்டுப் பார்க்காமல் அலமாரியில் வைத்த துப்பாக்கியால் காவல் இல்லை, ஆபத்துதான் உண்டு. அதற்கும் முன்னால் கதவைப் பாருங்கள். பல வீடுகளில் பூட்டு நாக்கு விழும் தகடு முக்கால் அங்குலத் திருகாணியில்தான் நிற்கிறது. அதைக் கழற்றி 3 அங்குலத் திருகாணி போட்டால், கதவுச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டை வரை பிடிக்கும். ஒரு உதையில் திறக்கும் கதவு பல உதைகளைத் தாங்கும். செலவு சில டாலர்தான்.

முதலில் விசா

இதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழ வாய்ப்பு இருக்கிறது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் உள்ளே அனுமதிக்கப்பட்டவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் (தலைப்பு 18, பிரிவு 922). 2022-க்குப் பிறகு இதற்கான உச்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. சில விலக்குகள் உண்டு. நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். உரிமம் காலாவதியான மறுநாளே விலக்கும் போய்விடும். துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலுக்கும் ஒரு காரணம் என்பதால், இந்த வழியில் போக நினைப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் கடைப் படி ஏறக்கூடாது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் குடிமக்களைப் போலவே வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் ஃபாரம் 4473 (துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் கூட்டாட்சிப் படிவம்) நிரப்ப வேண்டும். அதில் ஏ-நம்பர் (குடியேற்றத் துறை தந்த எண்) கேட்பார்கள். ஓட்டுநர் உரிமத்தில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். பழைய அபார்ட்மென்ட் முகவரியோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பின்னணிச் சோதனை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். நம் பெயர்களில் அப்பா பெயரும் சொந்தப் பெயரும் ஆவணத்துக்கு ஆவணம் இடம் மாறி இருப்பதால், கிரீன் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

கணவருக்குக் கிரீன் கார்டு, வீட்டில் தங்கியிருக்கும் மைத்துனர் எஃப்-1 என்றால்? கணவர் வாங்கலாம். ஆனால் பெட்டியின் சாவியோ எண்ணோ மைத்துனருக்குத் தெரிந்திருந்தால், அவரும் வைத்திருந்ததாகவே வழக்குத் தொடர இடமிருக்கிறது. அவருக்காக இவர் கையெழுத்துப் போட்டு வாங்கித் தருவது தனிக் குற்றம்.

பெட்டியை முதலில் வாங்குங்கள்

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பூட்டும் பெட்டி வீட்டில் இருக்க வேண்டும். டெக்சஸில், 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பாதுகாப்பின்றி வைத்து, பிள்ளை அதை எடுத்துவிட்டால், வைத்தவர் மீது வழக்கு வரும். பிள்ளை சுட்டு யாருக்காவது உயிர்ச்சேதமோ பலத்த காயமோ நேர்ந்தால் தண்டனை கூடும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தாலோ, பதின்ம வயதுப் பிள்ளை சமீபமாக ஒடுங்கிக் கிடந்தாலோ, வாங்கும் எண்ணத்தையே தள்ளிப் போடுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வெளியே கொண்டுபோய் வையுங்கள்.

கைத்துப்பாக்கிக்கு, எந்திர முறையில் அழுத்தும் ஐந்து பொத்தான் பூட்டு வைத்த எஃகுப் பெட்டி நல்லது. பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம், இருட்டில் விரல் தடவியே திறக்கலாம். கைரேகைப் பெட்டி கடையில் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஈர விரல், வியர்வை, தளர்ந்த பேட்டரி எதுவானாலும் தகராறு செய்யும். அதைவிட மோசம், ரேகை பதிவு செய்யாத நிலையில் சில மாடல்கள் யார் விரலுக்கும் திறந்தன. 2023 அக்டோபரில் அப்படிப்பட்ட சுமார் 61,000 பெட்டிகள், ஒரு சிறுவனின் மரணத்துக்குப் பிறகு, திரும்பப் பெறப்பட்டன. பெட்டியைச் சுவர்க் கட்டையிலோ கட்டில் சட்டத்திலோ போல்ட் போட்டு இறுக்குங்கள். இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிப் போய்விடுவான்.

எந்தத் துப்பாக்கி

கடையில் நிற்பவர் தன் கைக்கு ஏற்றதைச் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: பயிற்சி எடுத்து இதைக் கையாளப் போகும் பெரியவர்களில் உடல் சிறியவர் யார்? அவருக்குப் பொருந்துவது மற்றவருக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆறடி உயரக் கணவருக்காக வாங்கிய 12 கேஜ் ஷாட்கன் (ஒரே வெடியில் பல குண்டுகளை விடும் நீளத் துப்பாக்கி; கேஜ் எண் கூடினால் குழல் சிறிது), ஐந்தடி மனைவியின் தோளில் நிற்காது. கணவர் வெளியூரில் மாட்டிக்கொண்ட புயல் இரவில் அந்தத் துப்பாக்கி வீட்டில் இருந்தும் இல்லாததுதான்.

பலரும் முதலில் சொல்வது பம்ப் ஷாட்கன். மாஸ்பெர்க் 500, அதே நிறுவனத்தின் மேவரிக் 88, ரெமிங்டன் 870 ஆகியவை நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருப்பவை. விலை குறைவு, பழுது குறைவு. குழல் 18 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். 18.5 அங்குலக் குழல் என்று கேட்டு வாங்குங்கள். வேட்டைக்கான 28 அங்குலக் குழல் நடைவழியில் திரும்பாது.

பம்பில் தவறுவது எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். சுட்ட பிறகு முன்பிடியைக் கடைசி வரை பின்னுக்கு இழுத்து, கடைசி வரை முன்னுக்குத் தள்ள வேண்டும். பதற்றத்தில் பாதி இழுத்துவிட்டுத் தள்ளினால் காலித் தோட்டா வெளியே வராது, அல்லது புதியது ஏறாது. டிரிகரை இழுத்தாலும் வெடிக்காது. கை குட்டையாக இருப்பவர்களுக்கு இது அதிகம் நேரும், ஏனென்றால் பின்கட்டை (தோளில் பதியும் பகுதி) நீளம். சோதனை எளிது: காலியாக இருப்பதை உறுதி செய்துவிட்டு, பின்கட்டையின் முனையை முழங்கை மடிப்பில் பதித்து, ஆட்காட்டி விரலை முன்னே நீட்டுங்கள். விரல் டிரிகர் வரை எட்டாவிட்டால் கட்டை நீளம். வழக்கமான நீளம் சுமார் 14 அங்குலம். 12.5 முதல் 13 அங்குலம் வரையிலான குட்டைக் கட்டையும் விற்கிறது, பழையதைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

உதைப்பு தாங்காதவர்களுக்கு 20 கேஜ் போதும். 3-ஆம் எண் பக்‌ஷாட் எனப்படும் பெருங்குண்டுத் தோட்டா ஒன்றில் ஏறத்தாழ 20 குண்டுகள் இருக்கும். வீட்டுக்குள் உள்ள தூரத்துக்கு அது குறைச்சலே இல்லை. ஷாட்கன் என்றால் குறி பார்க்கவே வேண்டாம் என்று சொல்வது தவறு. ஒரு படுக்கையறை அகலத்தில் குண்டுகள் உள்ளங்கை அளவுக்கே விரியும். குறி தப்பினால் மொத்தமும் தப்பும். பெரும்பாலான பம்ப் ஷாட்கன்களுக்குக் கீழே விழுந்தால் வெடிக்காமல் தடுக்கும் அமைப்பு கிடையாது. ஆகவே குழாய் மேகசினில் (தோட்டாக்கள் காத்திருக்கும் இடம்) நான்கு தோட்டா, சேம்பர் (சுடுவதற்குத் தோட்டா ஏறும் அறை) காலி என்ற நிலையிலேயே பூட்டி வையுங்கள்.

அடுத்தது 9 மி.மீ. கைத்துப்பாக்கி. சின்னப் பெட்டியில் பூட்டலாம், ஒரு கையில் பிடித்தபடி குழந்தையை இன்னொரு கையில் தூக்கலாம், கதவைச் சாத்தலாம், போன் பேசலாம். இந்தக் காரணங்களால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நாங்கள் இதையே முதலில் சொல்வோம். ஆனால் ஷாட்கன், கைத்துப்பாக்கி, ஏஆர்-15 வகை நீளத் துப்பாக்கி மூன்றிலும் சுடக் கடினமானது இதுதான். பழக்கம் இல்லாதவர் ஐந்து மீட்டரிலேயே குறி தவறுவார். கிளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸன் எம்&பி அளவில், 4 அங்குலக் குழலோடு வாங்குங்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டித் துப்பாக்கி பெண்களுக்கு ஏற்றது என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். உண்மை தலைகீழ். எடை குறையக் குறைய உதைப்பு கூடும், பிடி குட்டையானால் சுண்டுவிரல் தொங்கும்.

ஸ்லைடை (தோட்டா ஏற்றப் பின்னுக்கு இழுக்கும் மேல்பகுதி) இழுக்க முடியவில்லை என்பது பலர் சொல்லும் குறை. பெரும்பாலும் அது வலுக்குறைவு அல்ல, முறைக்குறைவு. ஒரு கையால் ஸ்லைடை மேலிருந்து முழுக்கையால் பற்றி அசையாமல் வைத்து, பிடியில் இருக்கும் கையை முன்னே குத்துங்கள். நெஞ்சுக்கு அருகில் வைத்துச் செய்தால் தோள் பலமும் சேரும். குழல் முழுநேரமும் பாதுகாப்பான திசையைப் பார்க்க வேண்டும், வயிற்றுப் பக்கமோ பக்கத்தில் நிற்பவர் பக்கமோ திரும்பக்கூடாது. அப்படியும் முடியாதவர்களுக்கும், மூட்டுவலி உள்ளவர்களுக்கும் எம்&பி ஷீல்டு ஈஇசட் போல மென்மையான ஸ்பிரிங் வைத்த மாடல்கள் இருக்கின்றன. மணிக்கட்டு தளர்ந்து சுட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் தோட்டா சிக்கும். துப்பாக்கி கெட்டுப்போனதாகப் புதியவர்கள் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

ரிவால்வர் பார்க்க எளிது, ஆனால் டிரிகர் கனம். பத்துப் பன்னிரண்டு பவுண்டு இழுவை சாதாரணம். விரல் வலு குறைந்தவர்களுக்கு அதுவே குறியைக் கலைக்கும். ஏஆர்-15 வகை நீளத் துப்பாக்கியைச் சுடுவது கைத்துப்பாக்கியைவிட எளிது, உதைப்பும் குறைவு. ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களுக்குச் சரி. முதல் துப்பாக்கியாக அதை நாங்கள் சொல்வதில்லை: பூட்டி வைக்கப் பெரிய அலமாரி வேண்டும், மூடிய அறையில் அதன் சத்தம் மற்ற இரண்டையும்விடக் கொடுமை.

எதையும் சுட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். பல சுடுதளங்களில் வாடகைக்குத் தருவார்கள். இரண்டு மூன்று மாடலை எடுத்து ஒவ்வொன்றிலும் 50 தோட்டா சுட்டால், எது கைக்குப் பிடிக்கிறது என்பது விளங்கிவிடும்.

சுவர் குண்டைத் தடுக்காது

டெக்சஸ் வீடுகளின் உட்சுவர் இரண்டு அரை அங்குல ஷீட்ராக் பலகையும் நடுவில் வெற்றிடமும்தான். ஆளை நிறுத்தும் வலுவுள்ள எந்தக் குண்டும் ஒன்றுக்கு மேற்பட்ட உட்சுவரைத் துளைக்கும். சின்ன ரவை போட்ட பறவைத் தோட்டா சுவரைத் துளைக்காது என்று நம்பி வைப்பவர்கள் உண்டு. சற்றுத் தள்ளி நிற்கும் ஆளின் உடம்புக்குள்ளும் அது போதிய ஆழம் போகாது. அமெரிக்கப் போலீஸ் தோட்டாக்களுக்கு எஃப்பிஐ வைத்திருக்கும் அளவு, சோதனை ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம். 9 மி.மீ. என்றால் அந்த அளவில் தேறிய ஹாலோ பாயின்ட் (முனை குழிந்த, பட்டதும் விரியும் தோட்டா) வாங்குங்கள். ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்டு டாட் இரண்டும் போலீஸ் துறைகளில் புழங்குபவை. பயிற்சிக்கான முழு உறைத் தோட்டாவைக் காவலுக்கு வைக்காதீர்கள், அது விரியாமல் ஊடுருவிப் போகும்.

ஆகவே தோட்டாவை நம்பாமல் திசையைத் தீர்மானியுங்கள். பிள்ளைகளின் அறை எந்தப் பக்கம், பக்கத்து வீட்டுப் படுக்கையறை எந்தப் பக்கம் என்று வீட்டு வரைபடத்தில் குறியுங்கள். குடும்பம் முழுவதும் ஒரே அறையில் கூட வேண்டும். காவலுக்கு நிற்பவருக்கும் கதவுக்கும் இடையே யாரும் இருக்கக்கூடாது. கதவுக்கு நேர் பின்னால் பிள்ளைகள் அறை இருந்தால் வேறு அறையைத் தேர்ந்தெடுங்கள். வீட்டைச் சுற்றித் தேடிப் போகாதீர்கள். கதவைப் பூட்டி, 911-ஐ இணைப்பிலேயே வைத்து, “போலீஸைக் கூப்பிட்டாச்சு, வெளியே போ” என்று ஆங்கிலத்தில் உரக்கக் கத்துங்கள்.

வெளிச்சம் தனியாக வேண்டும். துப்பாக்கியில் மாட்டிய விளக்கால் யார் என்று தேடினால், தேடும் ஒவ்வொருவர் மேலும் துப்பாக்கியை நீட்டுகிறீர்கள். கையில் பிடிக்கும் டார்ச் ஒன்று பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சிஆர்123 லித்தியம் பேட்டரி பத்தாண்டு வரை கெடாமல் இருக்கும். புயலுக்குப் பிறகு கதவைத் தட்டுபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர், அல்லது லைன்மேன். முகம் தெரியாத ஆளை நோக்கிச் சுடக்கூடாது, எந்த நிலையிலும். ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு ஓடுபவனையும் விட்டுவிடுங்கள். இரவுத் திருட்டு பற்றி டெக்சஸ் சட்டம் தரும் இடம் நிபந்தனைகள் நிறைந்தது. ஜெனரேட்டர் திரும்பக் கிடைக்கும், உயிர் கிடைக்காது.

மூடிய அறையில் ஒரு வெடிச் சத்தம் 150 டெசிபெல்லைத் தாண்டும். 140-லேயே காது கெடும். மின்னணுக் காதுக்கவசம் பேச்சைக் கேட்கவிட்டு வெடியை அடைக்கும். அதையும் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

எவ்வளவு தோட்டா

மூட்டை மூட்டையாகச் சேர்க்க வேண்டாம். கைத்துப்பாக்கிக்கு ஹாலோ பாயின்ட் 50, ஷாட்கனுக்கு பக்‌ஷாட் 25 போதும். பணத்தைப் பயிற்சித் தோட்டாவில் போடுங்கள். முதல் மாதத்தில் பயிற்றுநரோடு 200, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 50. காவலுக்கு வைக்கும் அதே ஹாலோ பாயின்ட்டில் இரண்டு மேகசினாவது சுட்டு, சிக்காமல் ஏறுகிறதா என்று பாருங்கள். வீட்டில் வெறும் டிரிகர் பயிற்சி செய்யும்போது தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும், மேகசினும் சேம்பரும் காலி என்பதை இரண்டு முறை கண்ணாலும் விரலாலும் பாருங்கள்.

ஊரைக் காலி செய்யும்போது

வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தால் துப்பாக்கியை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். குண்டை இறக்கி, பூட்டிய பெட்டியில், தோட்டாக்களைத் தனியாக வைத்து எடுத்துச் செல்லுங்கள். செஞ்சிலுவைச் சங்க முகாம்களில் ஆயுதம் அனுமதி இல்லை. எங்கே தங்குவீர்கள், அங்கே எங்கே பூட்டுவீர்கள் என்பதைப் புயல் பருவம் தொடங்கும் முன், மே மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். லூசியானா போகிறீர்கள் என்றால் அந்த மாநிலச் சட்டம் வேறு. வரிசை எண்ணைப் படம் எடுத்து வெளியே ஒரு பிரதி வையுங்கள்.

வளைகுடாக் காற்றின் ஈரத்தில், ஏசி இல்லாத நான்கு நாளில் எஃகில் துரு பூக்கத் தொடங்கும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பை போட்டு, மெல்லிய எண்ணெய் தடவி வையுங்கள். வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், குண்டை இறக்கிவிட்டு, அன்றைக்கே பாகம் பாகமாகக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, நன்றாக உலர்த்தி எண்ணெய் போடுங்கள். குழலுக்குள் சேறு அடைத்திருக்கும்போது சுட்டால் குழல் வெடிக்கும். துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருமுறை பார்க்கும் வரை சுடாதீர்கள். நனைந்த தோட்டாக்களை உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டாம், சுடுதளத்திலோ போலீஸ் நிலையத்திலோ கேட்டு ஒப்படைத்துவிட்டுப் புதியது வாங்குங்கள்.