பனோம் ருங் போனால் கிழக்கு வழியாகவே ஏறுங்கள்

பாங்காக், பட்டாயா என்று சுற்றி அலுத்தவர்கள் ஒரு இரவை ஒதுக்கி தாய்லாந்தின் புரிராம் மாகாணத்தின் சலெர்ம் பிரகியாட் வட்டத்துக்குப் போகலாம். அங்கே அணைந்த எரிமலை ஒன்றின் உச்சியில், 10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை கெமர்கள் (கம்போடியாவில் அங்கோர் வாட் கட்டியவர்கள்) கட்டிய சிவன் கோயில் இருக்கிறது, பெயர் பனோம் ருங்.

பாங்காக்கின் மோ சிட் நிலையத்திலிருந்து பஸ் ஏறி நாங் ரோங்கில் இறங்கி அங்கேயே தங்குங்கள், ரயிலில் புரிராம் நகரத்துக்குப் போனால் கோயில் இன்னும் தூரம். மலைக்கு நேரடி பஸ் கிடையாது. சோங்தேவில் (பெஞ்சு போட்ட ஷேர் வண்டி) பான் தா பெக் கிராமம் வரை போய் அங்கிருந்து பைக் டாக்ஸி பிடிக்கலாம், ஆனால் பனோம் ருங், முவாங் தாம், காவோ பிரா அங்கான் என மூன்று இடங்களையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் நாங் ரோங்கிலேயே வண்டி பேசிவிடுவதுதான் நல்லது. பைக் வாடகைக்கு எடுப்பதானால் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வேண்டும்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். கோயிலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட வண்டிக்காரர் பார்ப்பார், வேண்டாம் என்று சொல்லி கிழக்கே, நடைபாதை தொடங்கும் இடத்தில் இறங்குங்கள். இருபுறமும் தாமரை மொட்டுத் தலை கொண்ட கல் தூண்கள் நிற்க, 160 மீட்டர் நடைபாதை, அப்புறம் நாகப் பாலம், படிகள் என்று கோயில் கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும்பி வருவதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம். மண்டபத்தின் கிழக்கு வாசலில் அண்ணாந்து பாருங்கள்: மேலே பல கைகளோடு ஆடும் சிவன், கீழே உத்தரத்தில் பள்ளிகொண்ட பெருமாள். இந்த உத்தரக்கல் திருடுபோய் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருந்து 1988இல்தான் திரும்பி வந்தது. கருவறையிலிருந்து அபிஷேக நீர் வெளியேறும் கல் வாய்க்காலையும் விடாதீர்கள், நம் கோமுகியேதான். நித்திய பூசை கிடையாது, தேங்காய் பழத்தோடு போக வேண்டாம். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பரிலும் சூரிய உதயம் 15 வாசல்களின் வழியே நேராகத் தெரியும், அப்போது கூட்டமும் அதிகம். அமைதியாகப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது.

கீழே 8 கிலோமீட்டரில் முவாங் தாம், இதுவும் கெமர் கோயில்தான். தாமரைக் குளங்களின் கரை முழுக்க நாகத்தின் உடல்தான், நிழலும் உண்டு, உட்கார்ந்து பாருங்கள்.

மதியத்துக்கு மேல் காவோ பிரா அங்கான், அதுவும் பழைய எரிமலைதான். இது பௌத்த விகாரை, செருப்பைக் கழற்றுங்கள், புத்தரை நோக்கிக் கால் நீட்டாதீர்கள். அருகே சரோயன் சுக் கிராமத்தில் அந்த எரிமலைச் செம்மண்ணில் சாயமேற்றிய துணி விற்கிறார்கள், வாங்குவதானால் அங்கேயே வாங்குங்கள்.