வன்னிக் காட்டுப் பாதையில் மின்சார மலைச் சைக்கிள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் மலை எங்கே இருக்கிறது, மலைச் சைக்கிள் ஓடுவதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மலை இல்லைத்தான். ஆனால் மணல் இருக்கிறது. மழைக்குக் கரைந்து பள்ளம் விழுந்த கிறவல் பாதை இருக்கிறது. பாலை மரத்து வேர்கள் குறுக்கே ஓடும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. உழவு இயந்திரம் சேற்றில் போய் வந்து, பிறகு வெயிலில் கல்லாய் இறுகிப்போன தடம் இருக்கிறது. அகலமான ரயரும் அமுங்கிக் கொடுக்கும் முன் ஷொக்கும் இங்கே ஆடம்பரம் அல்ல. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே இறங்கியவர்களுக்கும், வவுனிக்குளத்து அலைகரையைச் சுற்றி வந்தவர்களுக்கும் இது தெரியும்.

சரி, அதில் மோட்டர் பூட்டினால் என்ன மாறுகிறது? சாதாரணச் சைக்கிளில் காட்டுக்குள் போனால் களைப்புத்தான் எங்களைத் திருப்பி அனுப்பும். தொடை கடுக்கத் தொடங்கினால் நேரம் பார்ப்போம், தண்ணீர்ப் போத்தலைப் பார்ப்போம், திரும்பிவிடுவோம். மின்சாரச் சைக்கிள் அந்தக் களைப்பை மறைத்துவிடுகிறது. அதோடு தூரத்தை மறைக்கிறது, பாரத்தை மறைக்கிறது, செயின் படும் பாட்டை மறைக்கிறது, நாங்கள் வருகிற சத்தத்தைக்கூட மறைக்கிறது. நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த மறைப்பிலிருந்து வந்தவை.

பாதையை விட்டு இறங்குவது

முதலில் சொல்ல வேண்டியது சைக்கிளைப் பற்றியதே அல்ல. வன்னியில் எல்லா நிலத்திலும் மிதிவெடி அகற்றி முடிந்துவிடவில்லை. போர் முடிந்தது 2009 மே மாதத்தில். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசம்பரில். அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்கக் கிடைத்த தவணை 2028 வரைக்கும் போகிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் யாரும் இறங்க மாட்டார்கள். பிழை நடப்பது பலகை இல்லாத இடத்தில். பலகை இல்லை என்பதால் அந்தப் பக்கம் துப்புரவான நிலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளம் மண்ணை அரித்த பிறகு, நேற்று மூடிக் கிடந்தது இன்று மேலே வந்திருக்கலாம்.

வெளிநாட்டு வீடியோக்களில் குறுக்கே மரம் விழுந்து கிடந்தால் பக்கத்தால் சுற்றிப் போகிறார்கள், சேறு கண்டால் ஓரப் புல்லில் ஏறுகிறார்கள். இங்கே அதைப் பழகாதீர்கள். இறங்கி, 23 கிலோ சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு மேலால் கடத்துங்கள். அல்லது வந்த வழியே திரும்புங்கள். போனில் உள்ள வரைபடத்தில் ஒரு கோடு தெரிகிறது என்பதற்காக அது இன்றும் பாதையாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கோடு 30 வருடத்துக்கு முந்திய வண்டில் பாதையாகவும் இருக்கலாம். விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள், மாடு சாய்க்கிறவர்கள் நாளாந்தம் பாவிக்கிற தடம்தான் பாதை. அதுவும் அங்கே இருக்கிற ஒருவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகு. சந்தேகமான இரும்பு எதையும் தொடாமல், சைக்கிளால் தட்டாமல், வந்த தடத்திலேயே பின்வாங்கிப் பொலிசுக்குச் சொல்ல வேண்டும். படம் எடுக்க இரண்டடி முன்னே வைப்பதும் கூடாது.

பன்றி தட்டினால் தானே வெடிக்கக் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கும் தோட்டத்தைச் சுற்றி இழுத்த மின்கம்பியும் இன்னொரு காரணம். அவையும் மனிதர் நடக்காத தடங்களில்தான் இருக்கின்றன.

சத்தம் இல்லாமல் போவது

யானையைப் பற்றி வன்னி ஆட்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். ஆனால் மோட்டர் சைக்கிள் வருவது யானைக்குத் தூரத்திலேயே கேட்கும், ஒதுங்க அதற்கு நேரம் கிடைக்கும். நடந்து போகிறவர் மெல்லப் போகிறார். கொப்பு முறிகிற சத்தம் அவருக்கே முதலில் கேட்டுவிடும், மணமும் அடிக்கும். மின்சாரச் சைக்கிள் நடக்கிறவரின் சத்தத்தோடும் அவரைப்போல் நான்கு மடங்கு வேகத்தோடும் வளைவில் திரும்புகிறது. யானைக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இரண்டு பேரும் 15 மீற்றருக்குள் சந்திக்கிறோம்.

போன வருடம் முத்தையன்கட்டுப் பக்கம் மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர் என்னைக் கை காட்டி மறித்தார். “தம்பி, உந்தப் பக்கம் போகாதேங்கோ, தனியன் நிக்குது. நீங்கள் வந்ததே எனக்குக் கேக்கேல்லை, அதுக்கு எப்பிடிக் கேக்கும்?” அன்றைக்குப் பிறகுதான் மாட்டுக்குக் கட்டும் மணி ஒன்றை ஹாண்டிலில் கட்டினேன். குலுங்கிக்கொண்டே இருக்கும். கரடிக்கும் அது நல்லது. எங்கள் காட்டுக் கரடி திடுக்கிட்டால் பாயும். முன்கூட்டியே சத்தம் கேட்டால் பெரும்பாலும் தானே விலகிவிடும். காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன்.

வேகத்தால் தப்பலாம் என்ற எண்ணம் அடுத்த தவறு. ஐரோப்பிய விதிப்படி செய்த சைக்கிள்களில் மோட்டர் மணிக்கு 25 கிலோமீற்றரில் உதவியை நிறுத்திவிடும். ஆசிய யானை ஓடக்கூடிய வேகமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதுவும் இறுகிய நிலத்தில் உள்ள கணக்கு. முழங்கால் மணலில் யானை வேகம் குறைக்காது, நாங்கள் 10 கிலோமீற்றரில் உழக்கிக்கொண்டிருப்போம். ஆகவே ஓட்டத்தை நம்பாமல் நேரத்தைப் பார்த்துப் போவதே வழி. ஆடி, ஆவணியில் சிறு குளங்கள் வற்றி, மிருகமெல்லாம் பெரிய குளத்து அலைகரைக்கு இறங்கும். அந்த மாதங்களில் பின்னேரம் 4 மணிக்கே குளத்தை விட்டு வெளியேறிவிடுவேன். ஈரமான இலத்தியும், இலை வாடாத முறிந்த கொப்பும் கண்டால் அதற்கு மேல் போவதில்லை.

பற்றரி பாதியானதும் திரும்பலாம் என்று நினைப்பது

கணக்கு எளிது. 500 வாற்-மணி பற்றரியில் மோட்டர் சராசரியாக 250 வாற் இழுத்தால் 2 மணித்தியாலம் ஓடும். ஆனால் மோட்டர் முழுப் பலத்தில் உதவும் ரேபோ (Turbo) நிலையில் மணலுக்குள் போனால் பல மோட்டர்கள் 500 வாற்றுக்கும் மேலே இழுக்கும். அப்போது 1 மணித்தியாலம்கூட நிற்காது. விளம்பரத்தில் எழுதிய 100 கிலோமீற்றர் தட்டையான தார் வீதிக்கும் இலேசான ஆளுக்கும் மிகக் குறைந்த உதவி நிலைக்கும் உரியது.

பாதியில் திரும்பினால் ஏன் போதாது? கச்சான் காற்று இருக்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அது தென்மேற்கிலிருந்து அடிக்கும். கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகும்போது காற்று முதுகில் தள்ளுவதை மோட்டரின் கெட்டித்தனம் என்று நினைத்துவிடுவோம். திரும்பி வரும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும், பற்றரி இறங்கும் வேகமும் கூடும். அதோடு, கடைசிப் பகுதிக்கு வந்ததும் பல சைக்கிள்கள் தாமாகவே மோட்டரின் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். 60 வீதம் இருக்கும்போதே நான் திரும்பிவிடுகிறேன். பற்றரி தீர்ந்த மின்சாரச் சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு 12 கிலோமீற்றர் வந்திருக்கிறேன். தண்ணீர் 1 லீற்றர்தான் வைத்திருந்தேன். சித்திரை வெயில். அந்த நாளை நினைத்தால் இன்றும் பயம் வருகிறது. இப்போது 3 லீற்றர் இல்லாமல் வெளிக்கிடுவதில்லை, எந்தப் பாதையால் போகிறேன் என்று வீட்டில் சொல்லாமலும் போவதில்லை.

மணலில் ரேபோ போடுவது

மணல் வந்ததும் பட்டனை அமத்தி முழுப் பலத்துக்குப் போவது எல்லாருக்கும் வருகிற பழக்கம். பின் சில்லு சுழன்று தன் குழியைத் தானே தோண்டும். பெடல் அச்சில் பூட்டிய நடு மோட்டர் ஒன்று 85 நியூட்டன் மீற்றர் வரை முறுக்கு விசை தருகிறது. மணல் அதைத் தாங்காது. உதவியை நடு நிலையில் வைத்து, மணலுக்கு முன்பே இலேசான கியருக்கு மாறி, உடம்பைக் கொஞ்சம் பின்னே சாய்த்து, ஹாண்டிலை இறுக்காமல், பெடலை விடாது சுற்றிக்கொண்டே போக வேண்டும். நிறுத்தினால் மறுபடி எடுப்பது கஷ்டம்.

மணலுக்குள் போன பிறகு கியர் மாற்றுவதும் பிழை. காலின் பலத்தோடு மோட்டரின் பலமும் ஒரே செயினில் ஏறியிருக்கும் நேரத்தில் கியர் மாற்றினால் டக்கென்று ஒரு அடி கேட்கும். அந்தச் சத்தத்துக்குச் செயினும் பின் பற்சில்லும் விலை கொடுக்கின்றன. மாற்றுவதற்கு முன் அரைச் சுற்றுக்குக் காலைத் தளர்த்தினால் போதும். குளக்கட்டில் ஏறும்போதும் இதே கதை: அடியிலேயே கியரைக் குறைத்துவிட்டு ஏறுங்கள்.

விலை குறைந்த, பின் சில்லில் மோட்டர் உள்ள சைக்கிள்களில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சர் உள்ளவற்றில், காலை நிறுத்திய பிறகும் ஒரு கணம் மோட்டர் தள்ளும். ஒடுங்கிய குளக்கட்டில் திரும்பும்போது அந்த ஒரு கணம் போதும், வாய்க்காலுக்குள் இறங்க. பிறேக் பிடித்தால் மோட்டர் நிற்கிறதா என்று வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடுங்கள்.

காற்றும் முள்ளும்

ரயர் கல்லுப்போல இருந்தால்தான் நல்லது என்று சந்தியில் காற்றடிப்பவர் நம்புகிறார். அவரிடம் கொடுத்தால் 45 பிஎஸ்ஐ ஏற்றிவிடுவார். 2.4 அங்குல ரயருக்கு, ரியூப் இல்லாமல் பசைத் திரவம் ஊற்றியிருந்தால் 22 முதல் 26 வரை போதும். ரியூப் இருந்தால் 28, 30. அதற்குக் குறைத்தால் வேரில் மோதும்போது ரியூப் விளிம்போடு நசுங்கி வெடிக்கும். நெருஞ்சிக்கும் உடை முள்ளுக்கும் பசைத் திரவம் நல்ல மருந்து. ஆனால் எங்கள் வெக்கைக்கு அது சீக்கிரம் காய்ந்துவிடும். 2 மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

தண்ணீர்

மாரியில் குளம் நிரம்பி வான் பாயும் இடங்களைக் கடக்கும்போது பெடல் அச்சைப் பாருங்கள். நடு மோட்டர் அங்கேதான் இருக்கிறது, நிலத்திலிருந்து ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் உயரத்தில். மழை நனைப்பதற்கும் தண்ணீருக்குள் மூழ்குவதற்கும் வித்தியாசம் உண்டு. பாய்ந்துகொண்டிருக்கும் தண்ணீர் என்றால் முழங்காலளவுகூட ஆளையும் இழுத்துவிடும், ஆகவே கடக்க வேண்டாம்.

களி பூசிய சைக்கிளை மோட்டர் சைக்கிள் கழுவும் இடத்துக்குக் கொண்டு போய் அழுத்தக் குழாயால் அடிப்பது பெரிய தவறு. தண்ணீர் றப்பர் வளையங்களைத் தாண்டிப் பெயாரிங்குக்குள்ளும் மின் இணைப்புக்குள்ளும் போகும். பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, வாளித் தண்ணீரும் தும்பும் எடுத்து வீட்டிலேயே கழுவலாம். அப்புறம் செயினுக்கு எண்ணெய்.

சார்ஜ் பண்ணுவது

36 வோல்ற் பற்றரி முழுதாக ஏறினால் 42 வோல்ற். 48 வோல்ற் பற்றரி என்றால் 54.6. இரண்டு சார்ஜரிலும் ஒரே மாதிரி முனை இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் இரண்டு சைக்கிள் இருந்தால் சார்ஜர்களில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஈய அமில பற்றரி ஸ்கூட்டருக்கு வந்த சார்ஜரை லிதியம் பற்றரிக்குக் கொழுவுவதும் நெருப்போடு விளையாடுவதுதான்.

ஓடிவிட்டு வந்த உடனே சார்ஜில் போடாதீர்கள். பற்றரி கையில் பிடிக்க ஆறியிருக்க வேண்டும், அரை மணித்தியாலமாவது நிழலில். மத்தியானத் தகரக் கொட்டிலுக்குள் சார்ஜ் பண்ணவே வேண்டாம். 40 பாகைக்கு மேல் லிதியம் பற்றரியை ஏற்றுவது அதன் ஆயுளைத் தின்கிறது. மாரி முழுதும் ஓடப் போவதில்லை என்றால், 100 வீதத்தில் வைக்காமல் 50 வீதமளவில் வைத்துவிடுங்கள். இரவு எல்லாரும் நித்திரை கொள்ளும்போது ஏற்ற விடுவதையும் நான் நிறுத்திவிட்டேன்.

கட்டும் நெல்லும்

குளக்கட்டில் பின் பிறேக்கை அமத்திச் சறுக்கி நிற்பது பிள்ளைகளுக்குப் பெரிய ஆசை. கட்டைப் பிடித்து வைத்திருப்பது அதன் மேல் உள்ள புல். சறுக்கிய தடத்தில் புல் போகும், அடுத்த மழைக்கு அதிலே நீர் வழிந்து வெட்டும். இரணைமடுக் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர் வயல் இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அதைச் செய்ய மாட்டார். குளிக்கும் துறைகளைச் சுற்றிப் போங்கள். சுண்டிக்குளம் போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

மாசி, பங்குனியில் பெரும்போகம் வெட்டியதும் வீதியின் அரைவாசிக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள். அகலமான ரயர் அதற்கு மேலால் போனால் ஒவ்வொரு பள்ளத்திலும் நெல்லும் மணலும் கலந்து ஒட்டிக்கொண்டு வரும். ஒதுங்க இடமில்லை என்றால் இறங்குங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் நடைக்கு உதவுகிற பட்டன் ஒன்று இருக்கிறது, அமத்திப் பிடித்தால் மணிக்கு 6 கிலோமீற்றர் வரை தானே உருளும். நெல்லுக்குக் காவல் இருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை கதைத்துக்கொண்டே ஓரத்தால் கடந்து போய்விடலாம்.