தண்ணீர்மலைப் பக்கம் 'டொக் டொக்' குருவியைத் தேடி

ஆஸ்திரேலியா, லண்டன் என்று போய்த் தங்கிவிட்ட நம்மவர்கள் பினாங்குக்கு வந்தால், சொந்தக்காரர் வீடு, கல்யாணம், லிட்டில் இந்தியாவில் சேலை, அப்புறம் சாப்பாடு. விடுமுறை முடிந்துவிடும். அதில் ஒரு காலையைத் தாவரவியல் பூங்காவுக்கு ஒதுக்குங்கள்.

1884இல் அமைத்த பூங்கா, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே பொழுது விடியவே ஏழு மணி ஆகும். ஏழரைக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பறவைகள் இலைக்குள் ஒதுங்கிவிடும்.

தேட வேண்டியது செம்மார்புக் குக்குறுவான். பெயர் புதிதாக இருக்கலாம், குரல் புதிதில்லை. கன்னான் செம்பு தட்டுகிற மாதிரி 'டொக்... டொக்... டொக்' என்று விடாமல் கேட்கும். நான் பல வருஷம் யாரோ தகரம் தட்டுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

சத்தத்தை நம்பி ஓடாதீர்கள். கூவும்போதே தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. மர உச்சியில் வெயில் படுகிற மொட்டைக் கிளையைப் பாருங்கள். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது, பச்சை முதுகு. நெற்றியில் குங்குமம் அப்பியது போல் சிவப்பு, கண்ணைச் சுற்றியும் தொண்டையிலும் மஞ்சள், மார்பில் இன்னொரு சிவப்புப் பட்டை. அலகைத் திறக்காமலே கூவும். ஒவ்வொரு 'டொக்'குக்கும் தொண்டை மட்டும் புடைத்து அடங்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் கழுத்து வலிப்பது அப்புறம்தான் தெரியும்.

காய்த்துப் பழுத்த ஆலமரமோ அத்தியோ கண்ணில் பட்டால் அங்கேயே காத்திருங்கள், பழத்துக்கு வரும். மாங்குயிலும் வரலாம். தமிழ்நாட்டு மாங்குயிலுக்குக் கண்ணைச் சற்றே தாண்டி நிற்கும் கறுப்புக் கோடு, இங்குள்ளதற்குப் பின்கழுத்து வரை ஓடும்.

குரங்குகளிடம் கவனம். பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று நினைக்கும். என் நாசி லெமாக் பொட்டலம் அப்படித்தான் போயிற்று. செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், குடை வேண்டும். தைப்பூச நெரிசலில் அந்தப் பக்கம் பறவை பார்க்கப் போகாதீர்கள். கோயிலுக்கும் ஏறுவதாக இருந்தால் ஐந்நூறுக்கு மேல் படி. பறவையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் 8×42 போதும் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.). அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கமும் பெரிதாகும். பிள்ளைகள் பறவையைக் காட்டிவிட்டுக் குனிந்து பைனாகுலரைத் தேடுவார்கள். நிமிர்வதற்குள் கிளை தப்பிவிடும். பறவைமேல் வைத்த கண்ணை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.